பழைய ஃபைபர் போட்டைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள்

வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்துக்குள் நிற்கும் பலநாள் படகுகளை விட்டுவிடுவோம். அவற்றின் விலையும் வேறு, சிக்கலும் வேறு. துறைமுகத்தை ஒட்டிய களப்போரத்திலும் கல்குடாப் பக்கத்துக் கரைகளிலும் ஏற்றி வைத்திருக்கிற சிறிய ஃபைபர் போட்டுகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு. பதினெட்டு அடி, இருபது அடி நீளம், பின்பக்கத்தில் எஞ்சின், இரண்டு மூன்று பேர் வலையோடு ஏறிப் போய் வருகிற அளவு. அரசாங்கக் கணக்கில் இதற்கு ஓ.எஃப்.ஆர்.பி. என்று பெயர். கரையில் எல்லோருக்கும் ஃபைபர் போட்டு. புதிது வாங்கக் கையில் காசு போதாதவர் பழையதைத் தேடுகிறார். விற்பவர் வாயில் முதலில் வருவது அநேகமாக இதுதான்: "ஃபைபர்தானே, எங்கே உக்கப்போகுது?"

அது முக்கால்வாசி உண்மை. மீதிக் காலில்தான் காசு போகும்.

ஃபைபர் என்று நாம் சொல்வது இரண்டு பொருள்களின் கூட்டு. ஒன்று கண்ணாடி இழை, மற்றது பொலியெஸ்டர் ரெசின். போட்டின் வடிவத்தில் உள்ள அச்சுக்குள் முதலில் ஜெல்கோட் என்ற நிறப்பூச்சைப் பூசுவார்கள். அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதன்மேல் கண்ணாடி இழை மட்டை விரித்து, ரெசினில் நனைத்து, உருளையால் காற்றை அழுத்தி வெளியேற்றி, அடுத்த மட்டை வைப்பார்கள். பலத்தைக் கொடுப்பது இழை. இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைப்பது ரெசின். கையால் அடிக்கிற ஃபைபரில் எடைக்கு எடை பார்த்தால் கண்ணாடி ஏறக்குறைய 30 வீதம்தான் இருக்கும், மீதி ரெசின். ரெசின் கூடிப்போனால் போட்டு கண்ணாடிபோல் நொறுங்கும். குறைந்துபோனால் நனையாத இழை வழியே தண்ணீர் ஊறும். ரெசினை இறுகவைக்கும் கட்டலிஸ்ட்டை 1 முதல் 2 வீதம் வரை கலக்கவேண்டும். கைக்கணக்கில் ஊற்றினால் ஒன்று இறுகாது, இல்லாவிட்டால் சூடேறி வெடிக்கும். ஆக, எல்லாம் அடித்தவரின் கையில் இருக்கிறது. ஒரே அச்சில் வந்த இரண்டு போட்டுகள்கூட ஒன்றல்ல.

இந்தத் தொழில் இலங்கைக்குப் புதிதில்லை. நோர்வே உதவியோடு 1960களின் இறுதியில் காரைநகரில் தொடங்கிய சீநோர் ஃபைபர் போட்டுகளைக் கட்டியது. இன்றைக்கும் வடக்கில் பழையவர்கள் அந்தப் பெயரை மரியாதையோடுதான் சொல்வார்கள். கிழக்கில் கணக்கைத் தலைகீழாக மாற்றியது 2004 டிசம்பர் 26. நாட்டின் மீன்பிடிக் கலங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கை சுனாமி அழித்தது அல்லது உடைத்தது. பிறகு உதவி நிறுவனங்கள் போட்டியிட்டுப் போட்டு கொடுத்தன. திடீரென்று பட்டறைகள் முளைத்தன. நல்ல போட்டும் வந்தது, மட்டையை மிச்சம்பிடித்து அவசரத்தில் அடித்த போட்டும் வந்தது. அந்தத் தலைமுறைப் போட்டுகளுக்கு இப்போது இருபது வயது. பழைய போட்டு தேடுகிறவர் கண்ணில் இவை படாமல் போகாது. வயதைக் கேட்பதோடு எங்கே, எந்தக் காலத்தில் கட்டியது என்றும் கேட்கவேண்டும் என்பது இதனால்தான்.

புதுப் பெயின்ட் அடித்து, அணியத்தில் பூவும் பெயரும் எழுதி நிற்கிற போட்டைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். விற்பதற்கு முந்திய வாரம் அடித்த பெயின்ட் அழகுக்காக இருக்கலாம். ஒட்டுப்போட்ட இடத்தை மறைக்கவும் இருக்கலாம். வெயிலில் வெளுத்து, தொட்டால் கையில் மாவாக ஒட்டுகிற பழைய ஜெல்கோட் பார்க்க அசிங்கம். ஆனால் அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே விலை என்றால் நான் வெளுத்ததைத்தான் வாங்குவேன்.

பார்க்கப் போகும் நேரமும் முக்கியம். மாரியில், வாடைக் கடல் கொந்தளிக்கும்போது போட்டுகள் கரையேறிக் கவிழ்ந்து கிடக்கும். அடிப்பக்கம் தெரியும், விலையும் இறங்கும். ஆனால் எல்லாம் மழையில் நனைந்திருக்கும், கசிவு எது மழைத்தண்ணீர் எது என்று பிரிக்க முடியாது. மழை விட்டு ஒரு வாரம் காய்ந்த பிறகு போவது நல்லது. காலை வெயில் சாய்வாக விழும்போது பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் பெயின்ட்டுக்குக் கீழே உள்ள மேடுபள்ளம் நிழலாகத் தெரியும். ஒட்டுப்போட்டுத் தேய்த்த இடம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்த வெளிச்சத்தில் தப்பாது. நிலத்தில் குந்தியிருந்து அணியத்திலிருந்து அமரம் வரை ஏராவை ஒரு கண்ணால் பாருங்கள். கோணல் முண்டுகள்மேல் வருடக்கணக்கில் கிடந்த போட்டு முறுகியிருக்கும். முறுகிய போட்டு நேராக ஓடாது.

கவிழ்ந்து கிடக்கிற போட்டென்றால் இன்னொரு வேலையும் செய்யலாம். வெளியே நல்ல வெயில் அடிக்கும்போது உள்ளே நுழைந்து அண்ணாந்து பாருங்கள். உள்பக்கம் பெயின்ட் அடிக்காத, வெளிர் நிறப் போட்டு என்றால் வெளிச்சம் மங்கலாக ஊடுருவும். கனம் குறைந்த இடம் பளிச்சென்றும் பின்னால் ஒட்டடித்த இடம் இருட்டுத் திட்டாகவும் தெரியும். பால்போல் வெள்ளையாகத் தெரிகிற திட்டு ரெசின் ஊறாத இழை, அல்லது அடிபட்டு அடுக்குப் பிரிந்த இடம்.

அடுக்குப் பிரிதல்தான் ஃபைபரின் உண்மையான வியாதி. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே மட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். சந்தையில் பானை வாங்குகிறவர் விரலால் சுண்டிப் பார்ப்பதைப் போலத்தான். ஒரு பெரிய நாணயமோ ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியோ போதும். அணியத்தில் தொடங்கி ஒரு சாணுக்கு ஒரு தட்டு என்று வரிசையாக வாருங்கள். நல்ல இடம் "டிக்" என்று கூர்மையாகச் சொல்லும். பிரிந்த இடம் "தொப்" என்று மொத்தமாகச் சொல்லும். உள்ளே குறுக்குச் சட்டமோ நுரையோ உள்ள இடத்திலும் ஒலி மாறும், அதைக் குறைபாடு என்று நினைத்துவிடக்கூடாது. அதற்கு ஒரு வழி உண்டு. இடப்பக்கத்தில் சந்தேகப்பட்ட இடத்துக்கு நேர் எதிரே வலப்பக்கத்தில் தட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே ஒலி என்றால் அது கட்டுமானம். ஒரு பக்கம் மட்டும் "தொப்" என்றால் அங்கே சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுங்கள். அரைமணி நேரம் தட்டினால் போட்டின் படம் கிடைத்துவிடும். விற்பவர் இந்த அரைமணி நேரத்துக்கு முகம் சுளித்தால் அதையும் குறித்துக்கொள்ளலாம்.

கீறல்களுக்கும் பாஷை உண்டு. ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல் விரிந்தால் அங்கே எதுவோ இடித்திருக்கிறது. அதே இடத்தை உள்பக்கம் தடவிப் பாருங்கள், அங்கும் வெடிப்பு இருந்தால் அடி அடுக்குவரை போயிருக்கிறது. குறுக்குப் பலகையின் ஓரத்தை ஒட்டி நீளக் கோடுகள் என்றால் அந்த இடம் ஒவ்வொரு அலைக்கும் வளைந்து நிமிர்ந்திருக்கிறது. பலகையைப் பக்கச்சுவரோடு ஒட்டியிருக்கும் மட்டை கழன்றிருக்கிறதா என்று முழங்காலால் அழுத்திப் பாருங்கள்.

வாழைச்சேனையில் ஒரே ஊருக்குள் இரண்டு விதமாகப் போட்டு கிழடாகிறது. கடற்கரையில் தினமும் இழுத்தேற்றுகிற போட்டுக்கு ஏராவில் மணல் அரைக்கும். ஜெல்கோட் போய், மட்டை தெரிந்து, இழை நாராக நீட்டிக்கொண்டிருந்தால் தண்ணீர் அந்த இழை வழியே மேலேறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். விரலால் தடவினால் கண்ணாடித் தூள் குத்தும், கவனம். களப்புக்குள் எப்போதும் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் போட்டுக்கு ஏரா நன்றாக இருக்கும். அதற்கு வருவது கொப்புளம். ஜெல்கோட் தண்ணீரை முழுவதுமாகத் தடுப்பதில்லை; மூலக்கூறு மூலக்கூறாக உள்ளே விடும். உள்ளே சரியாக இறுகாத ரெசினின் மிச்சங்கள் அந்தத் தண்ணீரில் கரைந்து அடர்த்தியான ஒரு திரவமாகும். சவ்வூடுபரவல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது இங்கே நடக்கிறது. அடர்த்தியான உள்திரவம் வெளித்தண்ணீரை மேலும் மேலும் இழுக்க, ஜெல்கோட் கொப்புளமாக எழும்புகிறது. வெளித்தண்ணீரில் உப்புக் குறையக் குறைய இழுவை கூடும். மாரி வெள்ளம் வந்து களப்பு நன்னீராகும் மாதங்கள் கொப்புளத்துக்குக் கொண்டாட்டம். வெதுவெதுப்பான தண்ணீரும் அதற்குச் சாதகம். உடையவரைக் கேட்டுக்கொண்டு ஒரு கொப்புளத்தைக் குத்திப் பாருங்கள், கண்ணை விலக்கிக்கொண்டு. வடிகிற தண்ணீர் வினாகிரி நாற்றம் அடித்தால் சந்தேகமே இல்லை. ஐந்தாறு கொப்புளம் இருந்தால் பயப்பட வேண்டாம், அதை வைத்து விலை பேசலாம். அடிப்பக்கம் முழுக்க அம்மைபோல் இருந்தால் விட்டுவிடுங்கள். கொட்டலசு சுரண்டியவர் இரும்புத் தகட்டால் ஜெல்கோட்டையும் சேர்த்துச் சுரண்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள், தண்ணீருக்கு அது திறந்த கதவு.

இனி, உக்காது என்று சொன்ன போட்டில் உக்குகிற பொருள். எஞ்சின் மாட்டுகிற பின்பலகை ஃபைபர் போலத் தெரியும். பெரும்பாலான போட்டுகளில் அதற்குள் இருப்பது ஒட்டுப்பலகை, ஃபைபர் வெறும் உறை. எஞ்சினைப் பூட்ட அதில் துளை போடுகிறார்கள். துளையின் உள்சுவரை ரெசின் பூசி அடைக்காமல் போல்ட்டை முடுக்கிவிட்டால், அன்றிலிருந்து தண்ணீர் பலகைக்குள் போகிறது. கடல்நீரைவிட மழைத்தண்ணீர் மோசம், மரத்தை அழிக்கும் பூஞ்சைக்கு நன்னீர்தான் பிடிக்கும். 25 குதிரைவலு எஞ்சின் சுமார் 50 கிலோ. அது சும்மா தொங்குவதில்லை. முழு வேகத்தில் போட்டை முன்னே தள்ளுவதும் இந்தப் பலகை வழியாகத்தான்.

எஞ்சின் மாட்டியிருக்கும்போது அதன் காலைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். கண் எஞ்சினில் இருக்க வேண்டாம், பலகை பக்கச்சுவரோடு சேரும் மூலையில் இருக்கட்டும். அங்கே மயிரிழை கீறல் திறந்து மூடினால், போல்ட் அடியிலிருந்து மண்ணிறத் தண்ணீர் கசிந்தால், பலகை போய்விட்டது. இன்னும் சந்தேகம் என்றால் உடையவர் சம்மதத்தோடு உள்பக்கத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். வருகிற தூளை உள்ளங்கையில் ஏந்துங்கள். வெளிர் நிறத்தில் பொரபொரவென்று காய்ந்த மரத்தூள் வந்தால் நல்லது. கறுத்து, ஈரமாக, உருட்டினால் உருண்டையாகிற சேறு வந்தால் பேச ஒன்றுமில்லை. துளையைக் கையோடு ரெசின் வைத்து அடைத்துவிட்டு வாருங்கள், அது நாகரிகம்.

மட்டையும் ரெசினும் சேர்ந்த ஃபைபர் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். கட்டுமரம் கவிழ்ந்தாலும் மிதக்கும், ஃபைபர் போட்டு நிரம்பினால் தாழும். தாழாமல் பிடித்து வைப்பது அணியத்திலும் பலகைகளுக்கு அடியிலும் அடைத்த நுரை. அந்த நுரை வருடக்கணக்கில் தண்ணீர் குடித்திருந்தால் மிதவையே பாரமாகிவிடும். முன்பு நாலு பேர் தள்ளிய போட்டுக்கு இப்போது ஆறு பேர் வேண்டுமென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். எண்ணெய்ச் செலவும் கூடும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோதே தெரிந்தது, போட்டின் கனம் சின்ன விஷயமில்லை என்று.

பழைய ஒட்டு இருப்பது குற்றமில்லை. எப்படி ஒட்டினார்கள் என்பதே கேள்வி. உடைந்த ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குப் புது மட்டை ஏறவேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 5 மில்லிமீட்டர் சுவருக்கு 60 மில்லிமீட்டர் சரிவு. மேலே ஒரு துண்டை வைத்து ஒட்டி முடித்தது, ஒருநாள் அலையில் தகடாகக் கழன்று வரும்.

எஞ்சினுக்குத் தனியாக ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போவது உத்தமம். நீங்களாகப் பார்க்க மூன்று விஷயம்: குளிர்ந்த எஞ்சினை உங்கள் கண்முன் இழுத்து எழுப்பச் சொல்லுங்கள், குளிரூட்டும் தண்ணீர் பின்னால் சீராகப் பீறிடுகிறதா பாருங்கள், கியர் எண்ணெய் பால்நிறத்தில் இருக்கிறதா பாருங்கள். பால்நிறம் என்றால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

கடுதாசியைக் கடைசிக்கு விடாதீர்கள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின்படி மீன்பிடிப் படகு திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். பக்கத்தில் எழுதியிருக்கும் இலக்கமும் புத்தகத்தில் உள்ள இலக்கமும் ஒன்றா, விற்பவர் பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். உதவித் திட்டத்தில் வந்த போட்டு ஒருவர் பெயரில் இருக்க, கையில் வைத்திருப்பவர் இன்னொருவராக இருக்கலாம். சங்கத்திலோ லீசிங்கிலோ கடன் நிலுவை இருக்கிறதா என்று கரையில் நாலுபேரிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

எல்லாம் சரியென்றால் களப்பில் இறக்குங்கள். உள்ளே துடைத்து உலர்த்திவிட்டு, வலைக்குப் பதில் மணல் மூட்டை ஏற்றி, ஒரு மணி நேரம் சும்மா நிறுத்துங்கள். அடியில் தண்ணீர் வந்தால் துணியால் ஒற்றிப் பாருங்கள், எந்த இணைப்பிலிருந்து வருகிறது என்று ஈரக்கோடு காட்டும். பிறகு எஞ்சினை எழுப்பி, முழு வேகத்தில் அலைக்கு எதிரே ஓடுங்கள். காலை அடித்தளத்தில் ஊன்றி நின்றால் எந்த இடம் வளைகிறது என்று பாதம் சொல்லும். கரையேற்றியதும் பின்பலகை மூலைகளை இன்னொரு தடவை பாருங்கள். காய்ந்திருந்தபோது தெரியாத கீறல், சுற்றிலும் உலர்ந்த பிறகு ஈரக்கோடாக மிச்சம் நிற்கும். பின்பலகை மாற்றும் செலவையும் ஏராவுக்கு மட்டை அடிக்கும் செலவையும் பட்டறைக்காரரிடம் கேட்டு விலையில் கழித்துப் பேசலாம். நடுவில் அடித்தளம் வளைகிற போட்டுக்கு எந்த விலையும் அதிகம்தான்.