சராசரியும் விலக்கமும்

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகக் கூறும் வேங்கடமே இன்றைய திருமலை. ஆந்திர மாநிலத்தில் திருப்பதி நகரை அடுத்துள்ள இம்மலைக்கு நாள்தோறும் பல்லாயிரவர் வருகின்றனர். இங்கு வழங்கப்பெறும் இலட்டு 2009ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. கடலைமாவு, சர்க்கரை, நெய், முந்திரி முதலியன சேர்த்துச் செய்யப்படும் பூந்தியைக் கையால் உருண்டையாகப் பிடிப்பர். கையால் பிடிக்கும் உருண்டைகள் அனைத்தும் ஒரே எடையில் அமைதல் அரிது. அவ்வேறுபாட்டை எவ்வாறு அளப்பது?

இரண்டு தட்டுகளில் ஐந்தைந்து இலட்டுகள் உள்ளன எனக் கொள்வோம். அவற்றின் எடை கிராமில் வருமாறு:

முதல் தட்டு: 173, 174, 175, 176, 177
இரண்டாம் தட்டு: 160, 170, 175, 180, 190

எடைகளைக் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது சராசரி. இரு தட்டுகளிலும் கூடுதல் 875. அதனை 5ஆல் வகுக்க, சராசரி 175 கிராம். இதனை மட்டும் நோக்குபவர் இரு தட்டுகளும் ஒத்தவை என்றே கருதுவர். ஆயினும் நெடுநேரம் வரிசையில் நின்ற இருவர் இரண்டாம் தட்டிலிருந்து பெறுகின்றனர். ஒருவருக்கு 160 கிராம், மற்றவருக்கு 190 கிராம். இவ்வேற்றுமையைச் சராசரி காட்டவில்லை.

ஆகவே, ஒவ்வோர் எடையும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது எனக் காண்போம். 160 என்பது 15 குறைவு; 190 என்பது 15 மிகுதி. குறைவையும் மிகுதியையும் அவ்வாறே கூட்டினால் ஒன்றையொன்று நீக்கிச் சுழியமே எஞ்சும். எனவே குறியை விடுத்து, விலகிய அளவை மட்டும் கொள்ளுதல் வேண்டும்.

முதல் தட்டு: (2 + 1 + 0 + 1 + 2) ÷ 5 = 1.2 கிராம்
இரண்டாம் தட்டு: (15 + 5 + 0 + 5 + 15) ÷ 5 = 8 கிராம்

இதுவே சராசரி விலக்கம் எனப்படும். விலக்கம் சிறிதாயின் அளவுகள் சராசரியை ஒட்டி நிற்கும். பெரிதாயின் சிதறி நிற்கும். முதல் தட்டில் எவர் பெறினும் ஏறத்தாழ ஒரே அளவே பெறுவர். இரண்டாம் தட்டில் அவ்வுறுதி இல்லை. எனவே இரு தொகுதிகளை ஒப்பிடும்போது சராசரி, விலக்கம் ஆகிய இரண்டையும் காணுதல் வேண்டும்.

பயிற்சி

1. மூன்றாம் தட்டின் எடைகள் 171, 173, 175, 177, 179 கிராம். அதன் சராசரியையும் சராசரி விலக்கத்தையும் காண்க.
2. மூன்று தட்டுகளுள் பங்கீட்டுக்கு ஏற்றது எது? காரணம் கூறுக.
3. உம் வீட்டில் சுட்ட ஐந்து தோசைகளின் விட்டத்தை அளந்து, சராசரி விலக்கம் காண்க.