கடைக்கு வேலை கேட்டு வருபவரிடம் என்ன கேட்பது, என்ன சொல்வது?

கடைக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது இன்று பலசரக்கு வணிகர்கள் எல்லோரும் சொல்லும் குறை. முன்பெல்லாம் ஊரிலிருந்து தெரிந்தவர் ஒருவர் ஒரு பையனை அழைத்து வந்து விட்டுப் போவார். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்பது நமக்குத் தெரியும். கடையிலேயே சாப்பாடு, மாடியில் படுக்கை. பத்து வருடம் கழித்து அவனே தனிக்கடை போட்டுக்கொள்வான். இன்று கல்லா முன்னால் வந்து நின்று, "வேலை இருக்கா, அண்ணாச்சி?" என்று கேட்பவர் பெரும்பாலும் முன்பின் அறியாதவர். அவரிடம் என்ன பேசுவது என்பதில்தான் நம்மில் பலர் தடுமாறுகிறோம்.

வியாபாரம் மும்முரமாக நடக்கும் மாலை வேளையில் பேசி முடிவு செய்ய வேண்டாம். மறுநாள் பிற்பகல் கூட்டம் இல்லாத நேரத்தில் வரச் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வருகிறாரா என்பதும் தெரிந்துவிடும். படிப்பு எவ்வளவு என்று கேட்பதைவிட, ஒரு சிட்டையைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். கிலோ 160 ரூபாய் பருப்பு 350 கிராம் என்ன விலை என்று கேட்கலாம். 56 ரூபாய் என்று உடனே சொல்பவர் கெட்டிக்காரர். காகிதத்தில் போட்டுப் பார்த்துச் சொல்பவரையும் தள்ளிவிட வேண்டாம். பில் போடும் இயந்திரம் இருக்கும் கடையில், தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரே நமக்கு அதிகம் பயன்படுவார். குத்துமதிப்பாக ஒரு தொகையைச் சொல்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை.

முன்பு வேலை பார்த்த கடையை விசாரிப்பது நல்ல வழக்கம். ஆனால் ஆள் விலகிப் போன கோபத்தில் அந்த முதலாளி ஏதாவது சொல்லக்கூடும். "பையன் எப்படி?" என்று பொதுவாகக் கேட்காமல், "திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் கவனியுங்கள்.

இனி நம் பக்கம். வேலை கேட்டு வருபவரும் நம்மை எடை போட்டுக்கொண்டுதான் நிற்கிறார். "முதலில் வேலையைப் பார், சம்பளத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று சொல்லும் கடையில் ஆள் நிலைப்பதில்லை. மாதச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் கிடைக்கும், காலை எத்தனை மணிக்கு வர வேண்டும், இரவு எப்போது போகலாம், வாரத்தில் எந்த நாள் விடுமுறை, மூட்டை இறக்கும் வேலை உண்டா என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லி, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. பெண்கள் வந்தால் கழிப்பறை வசதியையும், கடைசிப் பேருந்துக்கு முன் அனுப்புவோமா என்பதையும் அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். மூன்று நாள் வேலை வாங்கிப் பார்த்துவிட்டு, சரிப்படவில்லை என்று வெறுங்கையோடு அனுப்புவது சில கடைகளில் உண்டு. பார்த்த வேலைக்குக் கூலி கொடுத்தே தீர வேண்டும்.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமின்றி நிறுத்த முடியாது. ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். ஆகவே ஆள் சரிதானா என்பதை முதல் சில மாதங்களிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். ஊழியர் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்ற பிரிவு 2021-இல் இதே சட்டத்தில் சேர்க்கப்பட்டது. நான்கு ஸ்டூல் வாங்குவது பெரிய செலவல்ல.

பள்ளி விடுமுறை வந்தால், "பையன் சும்மாதான் இருக்கிறான், கடையில் போட்டுக்கொள்ளுங்கள்" என்று வாடிக்கையாளரே கேட்பார். 14 வயது நிறையாத பிள்ளையாக இருந்தால் தயவு தாட்சண்யம் பார்க்காமல் மறுத்துவிடுங்கள். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பெற்றோரே கொண்டுவந்து விட்டார்கள் என்று சொல்லி முதலாளி தப்ப முடியாது. வயதில் சந்தேகம் இருந்தால் பள்ளி மாற்றுச் சான்றிதழைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

ஆதார் அட்டையின் நகல் போதும். அசல் சான்றிதழை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தால் ஆள் ஓடமாட்டான் என்று சிலர் நினைக்கிறார்கள். போக நினைப்பவன் அதற்காக நிற்பதில்லை. தேவையில்லாத வழக்குதான் வரும். சேரும் முன்பே முன்பணம் கேட்பவருக்கு, உங்கள் கடை வழக்கம் என்னவோ அதைச் சொல்லுங்கள். கொடுத்தால் எழுதி வைத்து, மாதம் எவ்வளவு பிடிக்கப்படும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

வந்தவரைச் சேர்க்கப் போவதில்லை என்றால் "நாளைக்கு வா" என்று இழுத்தடிக்க வேண்டாம், அன்றே சொல்லிவிடுங்கள். பக்கத்து மொத்தக் கடையில் ஆள் தேவை என்று தெரிந்தால் அங்கே அனுப்பி வையுங்கள். அவர் குடும்பமும் இந்த ஊரில் எங்கோ ஒரு கடையில் மாத மளிகை வாங்கும் குடும்பம்தானே.