அப்பாவின் அசையாச் சொத்து!

"டம்ளரைப் பார்த்து எடு!" - எங்கள் வீட்டில் பல வருடமாக ராத்திரிக் கட்டளை இதுதான். ஒரு டம்ளரில் குடிதண்ணீர் இருக்கும். இன்னொன்றில் அப்பாவின் பல்செட் நீந்திக்கொண்டிருக்கும்.

மேல் செட்டாவது பரவாயில்லை. கீழ் செட் பேசும்போதே நழுவும். அப்பா முதலில் பேச்சைக் குறைத்தார். அப்புறம் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினார். "பந்தியில கையால வாயை மறைச்சுக்கிட்டே எப்படிடா சாப்பிடறது?" என்று ஒருநாள் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

பி.காம். பாஷையில், பல்செட் அசையும் சொத்து. இம்ப்ளான்ட் அசையாச் சொத்து. தாடை எலும்பில் நான்கு டைட்டானியம் ஸ்க்ரூ. முன்னால் இரண்டு நேராக. பின்னால் இரண்டு, உள்ளே ஓடும் நரம்பில் படாமல் சாய்வாக. மேலே ஒரு வரிசைப் பல்லும் மொத்தமாக உட்காரும். போர்ச்சுகல் டாக்டர் பாலோ மாலோ பிரபலமாக்கிய முறை.

விளம்பரங்களில் 'ஒரே நாளில் பல்!' என்கிறார்களே, அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அன்று சாயங்காலம் வருவது தற்காலிகப் பல். வெறும் பிளாஸ்டிக். எலும்பு ஸ்க்ரூவைக் கெட்டியாகப் பிடித்தால்தான் அதுவும். அட்வான்ஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். எலும்பு வளர்ந்து ஸ்க்ரூவோடு ஒன்றிப்போக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். டைட்டானியத்தை எலும்பு இப்படித் தழுவிக்கொள்ளும் என்பதை 1950-களில் முயல் எலும்பில் கண்டுபிடித்தவர் ஸ்வீடனின் பிரானேமார்க். 1965-ல் முதல் மனிதருக்குப் பொருத்தினார். முயலுக்கு நன்றி!

அப்பாவுக்கு ஆபரேஷனே இரண்டு மாதம் தள்ளிப்போனது. காரணம், சர்க்கரை. அது கட்டுக்குள் வராமல் டாக்டர் கை வைக்க மாட்டேன் என்றுவிட்டார். நான் அந்த நேரத்தில் கோட்டேஷனோடு மல்லுக்கட்டினேன். ஸ்கேன், தற்காலிகப் பல், கடைசிப் பல் எல்லாம் சேர்ந்த தொகையா என்று எழுதி வாங்கிவிடுங்கள் சார். இரண்டு புது ஸ்கூட்டர் விலையைத் தாண்டும் சமாச்சாரம்!

மரத்துப்போக ஊசி போட்டதால் வலி தெரியவில்லையாம். டிரில் அதிர்வு மட்டும் மண்டைக்குள் கேட்டதாம். மூன்றாம் நாள் கன்னம் போண்டா மாதிரி வீங்கியது. ஒரு வாரத்தில் வடிந்தது. 'சட்னி' என்ற வார்த்தை சரியாக வர இன்னும் இரண்டு வாரம். இட்லி, குழைந்த சாதம், ரசம்தான் சாப்பாடு. வலி போய்விட்டதே என்று கடிக்கத் தோன்றும் பாருங்கள், அங்கேதான் ஆபத்து. ஸ்க்ரூ ஆடிவிட்டால் எலும்பு ஒட்டாது.

இவ்வளவு செலவழித்த பல்லில் சொத்தை விழாது. ஆனால் சுற்றியுள்ள ஈறு கெடலாம், எலும்பு கரையலாம். ராத்திரி பிரஷ், அடியில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது, டாக்டர் செக்கப் எல்லாம் ஆயுளுக்கும் உண்டு. டீக்கடையில் 'தம்' போடும் நண்பர்களுக்கு இன்னொரு சேதி: ஈறு நோயை முற்றவைப்பதும் சிகரெட்தான், இம்ப்ளான்ட்டைத் தோற்கடிப்பதிலும் அதற்குப் பங்குண்டு. பிரஷ் பண்ணும்போது ரத்தம் வருகிறதா? இப்போதே போய்க் காட்டினால் சில நூறு ரூபாயோடு முடியலாம்.

அப்பா காலண்டரில் தேதி அடித்துக்கொண்டு வருகிறார். நிரந்தரப் பல்லுக்கு இன்னும் ஏழு வாரம் பாக்கி. போன செக்கப்பில் தயங்கித் தயங்கிக் கேட்டார், "டாக்டர், கோகுலாஷ்டமி சீடை...?"

"முதல்ல நிஜப் பல் வரட்டும். அப்பவும் உடைச்சுத்தான் சாப்பிடணும்!"

வீட்டுக்கு வந்ததும் அப்பா பரணிலிருந்து சின்ன இடிகல்லை இறக்கச் சொன்னார்.