வாங்கிய பொருள் யாருக்குச் சொந்தம்?

கடைவீதியில் இன்று அடிக்கடி காதில் விழும் விடை ஒன்று உண்டு. "இதற்கு இனிமேல் சாமான் வராதுங்க, கம்பெனி நிறுத்திவிட்டது. புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்." செஞ்சியானாலும் சென்னையானாலும் விடை இதுவே.

கேட்டு நிற்பவர், நெல் விற்ற பணத்தில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிய உழவராக இருக்கலாம். மாதத் தவணை கட்டி மகளுக்குக் கணினி வாங்கித் தந்த தாயாக இருக்கலாம். பொருள் கீழே விழுந்து உடையவில்லை, நீரில் நனையவில்லை. அதைச் செய்த நிறுவனம் கைவிட்டுவிட்டது, அவ்வளவே. ரசீது நம் கையில் இருக்கிறது. பொருளின் உயிரோ வேறொருவர் கையில் இருக்கிறது. அப்படியானால் பணம் கொடுத்து நாம் வாங்கியதுதான் என்ன? ஒவ்வொரு குடும்பமும் சிந்தித்துப் பார்க்கவேண்டிய வினா இது.

கைக்கடிகாரம் கற்பிக்கும் பாடம்

எச்.எம்.டி. கடிகாரத்தை நம் மூத்தோர் நன்கறிவர். 1961-ஆம் ஆண்டு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம் அது. தேர்வில் தேறிய மகனுக்கும், மணமேடை ஏறும் மாப்பிள்ளைக்கும் அந்நாளில் அதுவே பரிசு. 2016 ஜனவரியில் அக்கடிகார நிறுவனத்தை மூடிவிட மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. செய்தவர் விடைபெற்றார், கடிகாரமோ நிற்கவில்லை. காலையில் சாவி கொடுத்தால் இன்றும் ஓடுகிறது. பழுதுற்றால் கடிகாரக் கடைக்காரர் பின்மூடியைத் திறந்து, பழைய கடிகாரம் ஒன்றிலிருந்து ஒரு சக்கரத்தை எடுத்துப் பொருத்திவிடுகிறார். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. தையல் இயந்திரமும் கிணற்று மோட்டாரும் இத்தகையனவே.

இக்காலத்து மின்னணுக் கருவியின் இயல்பு வேறு. அதன் உடலை மட்டுமே நமக்கு விற்கிறார்கள். அதை இயக்கும் மென்பொருளைப் பயன்படுத்திக்கொள்ள உரிமம் மட்டுமே தருகிறார்கள். கருவியை முதன்முறை திறக்கும்போது, பல பக்கங்கள் நீளும் நிபந்தனைகளின் கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்னும் பொத்தானை நாம் அழுத்துகிறோம் அல்லவா? அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மூவகை முடிவு

நிறுவனம் கைவிடும்போது கருவிக்கு மூவகையில் முடிவு நேரலாம்.

முதலாவது, உதிரிபாகங்கள் நின்றுபோவது. பேட்டரி கிடைக்காது, திரை கிடைக்காது. பழுது பார்ப்போர்க்கு வேண்டிய வரைபடங்களும் தனிக் கருவிகளும் வெளியே தரப்படுவதில்லை.

இரண்டாவது, மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோவது. கருவி ஓடும், ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைப்பாரில்லை. நாளடைவில் வங்கிச் செயலி அதில் இயங்க மறுக்கும். மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கான பொது ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11-க்குக் குறிப்பிட்டதொரு பாதுகாப்பு அமைப்பும் புதிய வகைச் செயலியும் வேண்டும். ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் பல, முறைப்படி அதற்கு மாறமுடியாமல் நின்றன.

மூன்றாவதுதான் கொடியது. எங்கோ தொலைவில் உள்ள நிறுவனத்தின் கணினியோடு இணைந்தால் மட்டுமே இயங்கும் கருவிகள் இன்று உண்டு. அந்த இணைப்பை நிறுத்தினால் அக்கருவி அன்றே பிணமாகும். அமெரிக்காவில் வீட்டு விளக்குகளையும் கதவுகளையும் இயக்க 'ரிவால்வ்' என்னும் கருவியை 300 டாலர் கொடுத்துப் பலர் வாங்கினர். அதைச் செய்த நிறுவனத்தைக் கூகுள் குடும்பத்தைச் சேர்ந்த நெஸ்ட் நிறுவனம் 2014-இல் வாங்கியது. 2016 மே 15 அன்று இணைப்பை நிறுத்தியது. அன்றுமுதல் அக்கருவி வெறும் பெட்டி!

இவை தவிர, விற்ற பொருளின் தன்மையையே பிற்பாடு மாற்றுவதும் உண்டு. பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைப் புதுப்பிப்பின் வழியே குறைத்ததை ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. வாங்கியோரிடம் அதைச் சொல்லாமைக்காக, 2020 பிப்ரவரியில் பிரான்சு நாடு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

நம் பிள்ளைகளின் மடிக்கணினி

இவையெல்லாம் மேல்நாட்டுக் கதைகள் என்று எண்ணிவிடலாகாது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயின்ற மேனிலை வகுப்பு மாணவர் முதலானோர்க்கு, எல்காட் நிறுவனத்தின் வழியே ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பின்வந்த ஆண்டுகளில் வழங்கப்பட்டன. பல சிற்றூர் இல்லங்களில் முதன்முதலாக நுழைந்த கணினி அதுவே.

தொடக்கத்தில் தரப்பட்ட கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7; மற்றொன்று, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. இரண்டே மாதங்களில் பெருந்தொற்று வந்து பள்ளிகள் மூடப்பட்டன. கணினி வழியே பாடம் கேட்கவேண்டிய காலம் பிறந்தது. எந்நேரத்தில் கணினி மிகவும் தேவைப்பட்டதோ, அந்நேரத்தில் ஒரு வாசலுக்குக் காவல் விலக்கப்பட்டிருந்தது.

மற்ற வாசலின் நிலை வேறு. லினக்சின் மூல நிரல் எவர்க்கும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் கைவிட்டாலும் மற்றொருவர் எடுத்துச் செப்பனிடலாம். பழைய கணினிகளுக்கென்றே எளிய வகை லினக்சுகளைத் தன்னார்வலர்கள் இன்றும் பேணி வருகின்றனர். ஒரே கணினி, ஒரே விலை. ஆயினும் பூட்டிய மென்பொருளுக்கு நிறுவனம் குறித்த நாளே முடிவு. திறந்த மென்பொருளுக்கோ, அதைப் பேணுவார் உள்ளவரை வாழ்வு. பொருளுக்கு உரியவர் நாம்தாம் என்று சொல்லத்தக்கது இவற்றுள் எது என்பதை வாசகரே முடிவு செய்யலாம்.

கதவைத் திறந்த சட்டம்

2018 பிப்ரவரியில் ஏர்செல் சேவை நிலைகுலைந்ததைத் தமிழக மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். லட்சக்கணக்கானோரின் கைபேசிகள் ஓய்ந்தன. அம்மாத இறுதியில் நிறுவனம் திவால் நடவடிக்கையை நாடியது. மக்கள் சில நாள் அலைந்தது உண்மையே. ஆயினும் அவர்கள் தம் எண்ணை இழக்கவில்லை. எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்திருந்தது. ஒரு நிறுவனம் மறைந்தால் மற்றொன்றுக்குச் செல்லும் கதவைச் சட்டம் முன்னரே திறந்து வைத்திருந்தது. கருவிகளுக்கும் அத்தகைய கதவு வேண்டும் என்பதே நுகர்வோர் கேட்பது.

சட்டம் தரும் துணை

நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை. ஆயினும் நாம் வெறுங்கையோடு நிற்கவில்லை.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு ஓர் அரிய உறுதியைத் தருகிறது. ஒப்பந்தம் வேறாகக் காட்டினாலன்றி, வாங்கியவர் தம் பொருளை இடையூறின்றி வைத்து அனுபவிக்கலாம் என்னும் உறுதி, சொல்லப்படாவிடினும் விற்பனையிலேயே அடங்கியுள்ளது. விற்றபின் தொலைவிலிருந்தே பொருளைச் செயலற்றதாக்குவது இவ்வுறுதிக்கு முரண் என்று வாதிட நிரம்ப இடமுண்டு.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தக்க காரணமின்றித் தன்னிச்சையாக ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஒரு தரப்புக்கு இடந்தரும் நிபந்தனையை நியாயமற்ற ஒப்பந்தம் என்று அது வரையறுக்கிறது. அதனை எதிர்த்து மாநில ஆணையத்தை அணுகலாம். குறையுள்ள பொருள், குறையுள்ள சேவை, முறையற்ற வாணிபம் ஆகியவற்றுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடின் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. நிறுவனம் எந்த நகரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம். செஞ்சிவாசி விழுப்புரத்துக்குச் சென்றாலே போதும். வெளியூர் நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடவேண்டும் என்பதை மட்டும் மறத்தலாகாது.

உதிரிபாகத்தை மறைத்தல் பற்றி நம் நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. வெளிப் பணிமனைகளுக்கு உதிரிபாகங்கள் எளிதில் கிடைக்காதவாறு செய்தமைக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன்மீது மேல்முறையீடுகள் எழுந்தபோதிலும், ஆணையம் எடுத்துரைத்த நெறி கருதத்தக்கது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுது பார்க்கும் உரிமை' குறித்து ஆராயக் குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகியவற்றை அது எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று அதற்கென இணையத் தளமும் திறக்கப்பட்டது. ஒரு பொருளைப் பழுது பார்ப்பது எளிதா அரிதா என்று மதிப்பெண் இட்டு, வாங்குமுன்னரே அறிவிக்கும் முறை பற்றிய குழு அறிக்கையும் 2025 மே மாதம் அளிக்கப்பட்டது. இம்முறை பிரான்சில் 2021 ஜனவரி முதலே உள்ளது.

ஐரோப்பிய ஒன்றியமோ இன்னும் ஒருபடி முன்னேறியுள்ளது. 2025 ஜூன் 20 முதல் அங்கு விற்பனைக்கு வரும் கைபேசிகளுக்கு, அவ்வகையின் விற்பனை முடிந்தபின் ஐந்து ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பும், ஏழு ஆண்டுகள் முக்கிய உதிரிபாகங்களும் கிடைக்கச் செய்யவேண்டும். இந்தியரின் பணமும் பணம்தானே? அவ்வுரிமை இங்கும் ஏன் கூடாது?

மறுபக்கமும் உண்டு

நியாயம் பேசுவோர் மறுதரப்பையும் கேட்கவேண்டும். எந்த நிறுவனமும் ஒரு பொருளை எந்நாளும் பேணமுடியாது. மென்பொருளைச் செப்பனிட ஆட்கள் வேண்டும், ஊதியம் வேண்டும். பழமையைச் சுமந்துகொண்டே புதுமை செய்தல் இயலாது. இவையெல்லாம் உண்மையே.

ஆனால் நுகர்வோர் கேட்பது முடிவில்லாத ஆதரவன்று. எத்தனை ஆண்டுகள் பேணுவோம் என்பதை விற்கும்போதே சொல்லுங்கள். இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் கருவிகளுக்கு இது சட்டமாகவே உள்ளது. கைவிடும் நாளில் பூட்டின் சாவியை வாங்கியவரிடமே தந்துவிடுங்கள். அவரோ, அவர் ஊர்ப் பழுது பார்ப்பவரோ அதைத் தொடர்ந்து இயக்கட்டும். தாமும் பேணாமல், பிறரையும் பேண விடாமல் பூட்டி வைப்பதுதான் அநீதி.

இல்லங்கள் செய்யத்தக்கவை

சட்டம் வரும் வரை வாளாவிருத்தல் வேண்டா. கருவி வாங்குமுன் கடைக்காரரிடம் மூன்று வினாக்கள் கேளுங்கள். புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும்? உதிரிபாகம் எங்கே கிடைக்கும்? இணையம் இல்லாவிட்டாலும் இது இயங்குமா? மூன்றாம் வினாவுக்கு 'இயங்காது' என்பது விடையானால், விலை குறைவாயினும் இருமுறை எண்ணிப் பாருங்கள்.

ரசீது, வாரண்டி அட்டை, விளம்பரத் தாள் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள். ஏமாற்றப்பட்டதாக அறிந்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். பழைய கணினியைத் தூக்கி எறியுமுன், வேறு இயங்குதளம் ஏற்ற முடியுமா என்று விவரம் அறிந்த இளைஞரிடம் கேளுங்கள். இனிப் பயனில்லை என்றானபின் அதைக் குப்பையில் போட்டு எரித்தல் கூடாது. அந்தப் புகை நம் குழந்தைகளின் நுரையீரலுக்கே திரும்பும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் தயாரிப்பாளர்களே.

செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை அதனை முற்றுகையிட்டும் எளிதில் வீழ்த்த முடியாமற் போனது ஏன்? மதிலும் மலையும் மட்டுமா காரணம்? உள்ளேயே குளங்கள் இருந்தன, சுனை இருந்தது, நெற்களஞ்சியம் இருந்தது. வெளியுலகம் வழியை அடைத்தாலும் உள்ளிருப்போர் உண்டு வாழ்ந்தனர். தன் உயிருக்கு வேண்டியதைத் தன்னகத்தே கொண்ட கோட்டையே கோட்டை. உழைத்துச் சேர்த்த பணத்தில் நாம் வாங்கும் பொருளும் அத்தகையதாக இருக்கவேண்டும் என்று கேட்பது பேராசையன்று. விலை கொடுத்தவரின் உரிமை. அவ்வுரிமையைக் கேட்டுப் பெறுவோம்.