சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்?

கள்ளக்குறிச்சிப் பக்கம் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால் ஒரே நிலத்துக்கு மூன்று மாவட்டம் இருக்கும். பழைய தாளில் தென்னாற்காடு, 1993இல் அது பிரிந்தபின் விழுப்புரம், 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி.

அப்படியொரு தென்னாற்காட்டு ரசீதை ஸ்கேன் செய்து டெசராக்ட்டிடம் கொடுத்தேன். படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சாக்கித் தரும் இலவச மென்பொருள் இது. எச்பி நிறுவனத்தில் உருவாகி, 2005இல் திறந்த மூலமானது. பட்டன் எதுவும் கிடையாது. கட்டளையைத் தட்ட வேண்டும். மென்பொருளின் பெயர், படத்தின் பெயர், விடை எழுத ஒரு கோப்பின் பெயர் மூன்றையும் தட்டினேன். வந்து விழுந்ததெல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்.

தவறு என்னுடையது. என்ன மொழி என்று நான் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அது ஆங்கிலம் என்றே எடுத்துக்கொள்ளும். நாம் விட்ட இடத்தை மென்பொருள் தானே நிரப்பிக்கொள்ளும் இந்த மதிப்புதான் முன்னிருப்பு, பேச்சில் டீஃபால்ட். தமிழ் மொழிக்கோப்பை நிறுவி, கட்டளையில் '-எல் டாம்' என்று சேர்த்ததும் ரசீது தமிழில் வந்தது. தமிழும் ஆங்கிலமும் கலந்த தாளென்றால் 'டாம்+எங்'.

மொழி சொல்லாவிட்டால் ஆங்கிலம் என்ற விவரம் டெசராக்ட்டின் கையேட்டில் ஒரே வரியில் இருக்கிறது. பக்க அமைப்பைப் பிரிக்கும் 14 முறைகளின் பட்டியலில் 3ஆம் எண்ணுக்குப் பக்கத்தில் 'டீஃபால்ட்' என்று எழுதியிருக்கிறார்கள். 'பிரின்ட் பாராமீட்டர்ஸ்' என்று கேட்டால் உள்ளேயிருக்கும் நூற்றுக்கணக்கான அமைப்புகளையும் மதிப்போடு ஒப்பிக்கும்.

முன்னிருப்பு என்ன, எப்படி மாற்றுவது என்பதோடு கையேடு நின்றுவிடக் கூடாது. பல இடங்களில் மாற்றியிருந்தால் எது செல்லும்? நிரலில் செய்யும் மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் கணினி முழுமைக்கும் ஓர் அமைப்புக் கோப்பு, பயனருக்கு ஒன்று, ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒன்று. மூன்றும் முரண்பட்டால் திட்டத்தினுடையதே செல்லும். 'ஷோ ஆரிஜின்' என்று சேர்த்துக் கேட்டால் எந்த மதிப்பு எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்றும் காட்டும். எந்தப் பதிப்பில் மாறியது என்பதும் வேண்டும். புதுத் திட்டத்தின் முதல் கிளைக்கு, அதாவது மாற்றங்கள் பதியும் முதல் வரிசைக்கு, நாமே முன்னிருப்புப் பெயர் வைக்கும் வசதி, 2020 ஜூலையில் வந்த 2.28ஆம் பதிப்பில்தான் கிட்டில் சேர்ந்தது. மாவட்டம் மாறிய நாள் தெரிந்தால்தானே பழைய ரசீதின் முகவரி புரியும்!

இவையெல்லாம் இணையத்தில் மட்டும் இருந்தால் போதாது. 'ஹெல்ப்' என்று தட்டினால் மென்பொருளே சொல்ல வேண்டும். கல்வராயன் மலையில் சிக்னல் எட்டாத ஊர்கள் உண்டு. அங்கே கணினியைத் திறந்து உட்காரும் மாணவிக்கு ஆசிரியர் அந்த ஒரு வரிதான்.