எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கும் உடல் பருமன் அபாயம்: ஆய்வுகள் கூறுவது என்ன?

எடை குறைவாகப் பிறந்த குழந்தையை விரைவில் கொழுகொழுவென வளர்த்துவிட வேண்டும் என்பது பல குடும்பங்களின் விருப்பம். தாய்ப்பாலுடன் புட்டிப்பாலும், பாலில் சர்க்கரையும் சேர்க்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால், உயரமும் தசையும் வளராமல் எடை மட்டும் கூடினால், அது பிற்காலத்தில் உடல் பருமனுக்கும் நீரிழிவு நோய்க்கும் வழிவகுக்கக்கூடும் என்பதை இந்தியக் குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் சுட்டிக்காட்டுகின்றன.

மெலிந்த தோற்றம், குறையாத கொழுப்பு

மகாராஷ்டிர மாநிலம் புணே அருகேயுள்ள ஆறு கிராமங்களில், கர்ப்பிணிகளையும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் தொடர்ந்து கண்காணிக்கும் ஆய்வு 1993-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. புணே கே.இ.எம். மருத்துவமனை ஆய்வு மையத்தைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் தலைமையிலான குழு இதனை மேற்கொண்டது.

இக்குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரில் பிறந்த குழந்தைகளுடன் ஒப்பிட்ட முடிவுகள் 2003-இல் வெளியாகின. சவுத்தாம்ப்டன் குழந்தைகளின் சராசரி எடை 3.5 கிலோ, புணே குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ மட்டுமே. தசையும் வயிற்று உள்ளுறுப்புகளும் புணே குழந்தைகளிடம் வெகுவாகக் குறைந்திருந்தன. ஆனால், தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. தொப்புள்கொடி ரத்தத்தில் இன்சுலின் அளவும் அதிகமாக இருந்தது தனியோர் ஆய்வில் தெரியவந்தது.

ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துவதில் தசைக்குப் பெரும் பங்கு உண்டு. எனவே, குறைந்த தசையுடன் வாழ்க்கையைத் தொடங்கும் குழந்தையின் உடலில் கூடுதல் கொழுப்பு சேர்வது, எடை அதிகமில்லாத நிலையிலும் பாதிப்பை ஏற்படுத்தக்கூடும்.

தில்லி ஆய்வு காட்டிய பாதை

தில்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்தவர்களில் 1,492 பேரை, 26 முதல் 32 வயதுக்குள் பரிசோதித்த ஆய்வின் முடிவுகள் 2004-இல் வெளியிடப்பட்டன. அவர்களில் நீரிழிவு நோய் அல்லது அதற்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள், இரண்டு வயது வரை மெலிந்தே இருந்துள்ளனர். அதன்பின் 12 வயது வரை அவர்களின் உடல் நிறை குறியீட்டெண் மற்றவர்களைவிட வேகமாக உயர்ந்துள்ளது. எனினும், 12 வயதில் அவர்களில் ஒருவர்கூட உடல் பருமன் என்ற வரையறைக்குள் வரவில்லை. பார்வைக்குப் பருமனாகத் தெரியாத குழந்தையிடமும் அபாயம் வளரக்கூடும் என்பதே இதன் பொருள்.

புரதமும் இன்சுலினும்

பிறந்த குழந்தையின் எடை ஏறத்தாழ ஐந்து மாதங்களில் இரு மடங்காகவும், ஓராண்டில் மூன்று மடங்காகவும் உயர்கிறது. முதல் ஆறு மாதங்களில் உடலில் கொழுப்பு சேர்வது இயற்கையானது; வேகமாக வளரும் மூளைக்கு அது ஆற்றல் சேமிப்பாகும். ஆகவே, தாய்ப்பால் அருந்திக் கொழுத்திருக்கும் குழந்தையைக் கண்டு அஞ்சத் தேவையில்லை.

குழந்தைக்கு எது ஊட்டப்படுகிறது என்பதே முக்கியம். 100 மில்லி தாய்ப்பாலில் சுமார் 1 கிராம் புரதமே உள்ளது. பசும்பாலில் அது 3 கிராமுக்கும் அதிகம். மிகுதியான புரதம் இன்சுலினையும் அதனை ஒத்த வளர்ச்சிக் காரணிகளையும் தூண்டி, எடையையும் கொழுப்புச் சேர்க்கையையும் அதிகரிப்பதாகக் கருதப்படுகிறது. ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் இது சோதிக்கப்பட்டது. புரதம் அதிகமுள்ள பவுடர் பால் அருந்திய குழந்தைகளுக்கு, புரதம் குறைவான பவுடர் பால் அருந்தியவர்களைவிட ஆறு வயதில் உடல் பருமன் ஏற்படும் அபாயம் ஏறத்தாழ 2.4 மடங்காக இருந்தது.

ஊட்டும் முறையும் கவனிக்கத்தக்கது. தாய்ப்பால் அருந்தும் குழந்தை பசி தீர்ந்ததும் தானே நிறுத்திக்கொள்கிறது. புட்டியிலோ, மீதமுள்ள பாலையும் குடிக்க வைக்கும் பழக்கம் ஏற்பட்டுவிடுகிறது. வாயருகே கையைக் கொண்டு செல்வது பசியின் தொடக்க அறிகுறி. முகத்தைத் திருப்பிக்கொள்வது போதும் என்பதற்கான அறிகுறி. எல்லா அழுகையும் பசிக்கான அழுகை அல்ல.

அதேவேளையில், தாய்ப்பால் ஒன்றே உடல் பருமனைத் தடுத்துவிடும் எனக் கூற இயலாது. பெலாரஸ் நாட்டில் 17,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களையும் குழந்தைகளையும் உள்ளடக்கிய ஆய்வில், தாய்ப்பால் ஊட்டுவதை ஊக்குவித்ததால் பிற்காலப் பருமன் குறையவில்லை. தொற்றுநோய்களிலிருந்து பாதுகாப்பு உள்ளிட்ட அதன் பிற நன்மைகள் உறுதியானவை.

உணவைக் குறைப்பது தீர்வல்ல

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்கு உள்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமின்றி உள்ளனர். அதிக எடை கொண்டவர்கள் 3.4 சதவீதம், முந்தைய ஆய்வில் இது 2.1 சதவீதமாக இருந்தது. ஊட்டச்சத்துக் குறைபாடே இன்றும் பெரிய பிரச்னை என்பதால், எடை குறைந்த குழந்தைக்கு உணவைக் குறைப்பது ஆபத்தானது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான கட்டுரையும், முதல் இரண்டு ஆண்டுகளில் உயரம் நன்கு கூடுவது பிற்காலக் கல்விக்கும் உடல்நலத்துக்கும் நல்லது எனத் தெரிவித்தது.

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதங்கள் வரை தாய்ப்பால் மட்டுமே, அதன்பின் இணை உணவுடன் இரண்டு வயது அல்லது அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. இணை உணவில் தானியத்துடன் பருப்பு, முட்டை, காய்கறி, பழம் ஆகியவை இடம்பெற வேண்டும். சர்க்கரை சேர்த்தல் தவிர்க்கப்பட வேண்டும்.

சட்டமும் நடைமுறையும்

இரண்டு வயதுக்கு உள்பட்ட குழந்தைகளுக்கான பவுடர் பால், உணவு, பால்புட்டி ஆகியவற்றின் விளம்பரம், 2003-இல் திருத்தப்பட்ட 1992-ஆம் ஆண்டு சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது. பணிபுரியும் பெண்களுக்கு 26 வார ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு வழங்க 2017-இல் வகை செய்யப்பட்டது. ஆயினும், வயல்களிலும் கட்டுமானப் பணிகளிலும் வீட்டு வேலைகளிலும் ஈடுபட்டுள்ள பெண்களுக்கு இந்த விடுப்பு எட்டாக்கனியாகவே உள்ளது. ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே என்ற பரிந்துரை அவர்களுக்குக் கடைப்பிடிக்க அரிதாகிறது.

அங்கன்வாடியில் எடையுடன் உயரத்தையும் அளந்து, தாய்-சேய் நல அட்டையிலுள்ள வளர்ச்சி வரைபடத்தில் தொடர்ந்து பதிவு செய்வது பெற்றோருக்கு உதவும். ஒரு நாள் காட்டும் எடையைவிட, அந்த வரைபடக் கோடு செல்லும் திசையே குழந்தையின் வளர்ச்சியைத் தெளிவாக உணர்த்தும். கோடு திடீரெனத் தாழ்ந்தாலோ, உயரத்தை விஞ்சி எடை ஏறினாலோ, உணவை மாற்றுவதற்கு முன் மருத்துவரை அணுக வேண்டும்.