அந்தியில் தடுமாறும் வழிகாட்டி

கிழக்கேகோட்டையில் வழி கேட்பவருக்கு முன்னெல்லாம் பழவங்காடிப் பிள்ளையாரைத்தான் அடையாளம் சொல்வோம். இப்போது கேட்பார் குறைவு. காரில் உள்ள திரையே வழி சொல்லிவிடுகிறது. மின்சாரக் காரில் அந்தத் திரைக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. அடுத்த சார்ஜிங் நிலையம் எங்கே, கையிருப்பு அதுவரை தாங்குமா என்ற கணக்கையும் அது இருப்பிடத்தை வைத்தே போடுகிறது. பெட்ரோல் காரில் வழி தவறினால் பக்கத்து பங்கில் நிரப்பிக்கொள்ளலாம். இதிலே அது நடக்காது.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் மின்சாரக் கார் வந்துவிட்டது. "அண்ணாச்சி, ஜி.பி.எஸ். சிக்னல் அடிக்கடி போகுதே, என்ன செய்ய?" என்று கேட்கிறார்கள். அடியேன் பொறியாளன் அல்லன். சாலைக் கடைவீதியில் பாத்திர வியாபாரம். படித்தும் விசாரித்தும் அறிந்ததை எழுதுகிறேன்.

வானிலிருந்து வரும் நேரம்

ஜி.பி.எஸ். கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்புவது வழி அல்ல, நேரம். செய்தி புறப்பட்ட நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத் தூரத்தைக் கார் கணக்கிடுகிறது. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நொடி பிசகினால் 300 மீட்டர் பிசகும். இடத்தை அறிய மூன்று கோள்கள், காரின் கடிகாரப் பிசகைத் திருத்த ஒன்று, ஆக நான்காவது தேவை.

வந்து சேரும் அலையோ மிக மெலிது. ஒரு வாட் சக்தியைக் கோடி கோடியாகப் பிரித்து, அதிலும் நூறில் ஒரு பங்கு எடுத்தால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே சிறு தடையும் அதற்குப் பெரிய தடை. தடை வரும் இடங்கள் மூன்று: கார், தெரு, வானம்.

கார்

மின்சார மோட்டார்தான் அலையைக் கெடுக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது காரணமன்று. அதன் உயர் மின்னழுத்தக் கம்பிகளுக்கு உலோகக் கவசம் உண்டு. குற்றவாளி பெரும்பாலும் நாம் வாங்கிச் செருகிய பொருள்: மலிவான போன் சார்ஜர், கண்ணாடியில் ஒட்டிய கேமரா முதலியன. இவற்றின் இரைச்சல் ஜி.பி.எஸ். பயன்படுத்தும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அருகிலேயே விழலாம்.

என் மருமகன் காரில் இப்படித்தான் ஆயிற்று. குடும்பத்தோடு சிதறால் மலைச் சமணக் கோயிலுக்குப் போய்த் திரும்புகையில், களியக்காவிளை தாண்டியதும் திரையில் கார் வயலுக்குள் ஓடிற்று. திரைத் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று பழுது பார்க்குமிடத்தில் சொன்னார்கள். மாற்றுமுன் கேமராவின் செருகியைப் பிடுங்கிப் பார்த்தோம். இரண்டு நிமிடத்தில் கார் சாலைக்கு வந்துவிட்டது!

வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு கொண்ட கண்ணாடியும் அலையைத் தடுக்கும். அவ்வகைக் கார் சிலவற்றில் ஃபாஸ்டாக் ஒட்டப் பூச்சில்லாத ஒரு கட்டம் விட்டிருப்பதும் இதனால்தான். கூரைமேல் மீன்துடுப்புப் போல நிற்கும் ஆண்டெனாவின் கம்பி, திரையைக் கழற்றி மாட்டியபோது தளர்ந்திருக்கலாம். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தெரு

குறுகிய தெருவில் நின்றால் வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும். கோள்கள் பாதி மறைந்துவிடும். மீதியின் அலைகளும் சுவரில் மோதித் தாமதமாக வரும். தாமதத்தைக் கார் தூரம் என்று எண்ணி, நம்மைப் பக்கத்துத் தெருவில் கொண்டு நிறுத்தும். இதற்கு மருந்து, திறந்த இடத்துக்குப் போவது ஒன்றே.

வானம்

இது நம் ஊருக்கே உரிய செய்தி. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்வது. அந்தக் கோட்டின் மேலே உள்ள மின்னணு மண்டலம் பொழுது சாய்ந்ததும் கலங்கும். தண்ணீருக்கு அடியில் எண்ணெயை விட்டால் குமிழாகக் கிளம்புமே, அதுபோல அடர்த்தி குறைந்த குமிழிகள் மேலெழும். அவற்றின் ஊடே வரும் அலை, விண்மீன் மினுங்குவதுபோல் மினுங்கும். கோள் சற்று நேரம் பிடி நழுவும்.

இது மிகுவது மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில், இரவு ஏழு மணி முதல் நள்ளிரவு வரை. பகலும் இரவும் சமமான நாளில் பத்மநாபசுவாமி கோயில் கோபுர வாயில்களின் வழியே சூரியன் மறைவதைக் காணக் கூட்டம் கூடுகிறதல்லவா? அந்தப் பருவமேதான். அப்போது அந்திக்கோடு தெற்கு வடக்காக, காந்தக் கோடுகளுக்கு இணையாக விழுகிறது. கோட்டின் இரு முனையிலும் ஒரே நேரத்தில் பொழுது சாய்வதால் கலக்கம் கூடுகிறது. சூரியன் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் மிகுதி. அந்த உச்சக் கட்டத்தை எட்டியதாக நாசா 2024 அக்டோபரில் அறிவித்தது. விமானங்களுக்கான நமது ககன் அமைப்புக்கு, இந்தக் கலக்கத்தைக் கருதியே தனிக் கணக்கு முறை வகுக்க வேண்டியிருந்தது. அதன் கண்காணிப்பு நிலையங்களுள் ஒன்று திருவனந்தபுரத்தில் இருக்கிறது.

வானம் முழுவதும் ஒருசேரக் கலங்குவதில்லை. இரண்டு மூன்று கோள்கள் நழுவும், அவ்வளவே. ஆனால் தெரு பாதியை மறைத்து, கேமரா கொஞ்சம் கெடுத்திருந்தால், இந்த இரண்டு மூன்றே கணக்கைக் கவிழ்த்துவிடும். ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு என்பது எங்கள் அநேகாந்தக் கொள்கை. கார்ப் பழுதும் அப்படியே.

செய்ய வேண்டியது

பகலில், சங்குமுகம் போன்ற திறந்த வெளியில் காரை நிறுத்துங்கள். செருகியவற்றை எல்லாம் பிடுங்குங்கள். போனைக் காரோடு இணைக்காமல் கையில் வைத்துக்கொண்டு இரண்டு திரையையும் ஒப்பிடுங்கள். இணைத்தால் போன் காரின் ஆண்டெனாவையே பயன்படுத்தக்கூடும், சோதனை வீணாகும். கால்மணி நேரம் பொறுங்கள். கோள்களின் முழு அட்டவணை இறங்கவே பன்னிரண்டரை நிமிடம் ஆகும்.

போன் சரி, கார் தவறு என்றால் பழுது காரில். பொருள்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகிப் பாருங்கள். எதுவும் செருகாதபோதே தவறினால் கம்பியையும் மென்பொருளையும் பார்க்கச் சொல்லுங்கள். வெளியில் இரண்டும் சரி, தெருவில் மட்டும் இரண்டும் தவறு என்றால் காருக்குச் செலவு வேண்டாம். பங்குனி, புரட்டாசி இரவுகளில் மட்டும் தவறினால் வானம். மறுநாள் காலை தானே சரியாகும். புதுக் கார் வாங்குவோர் இரண்டு அலைவரிசை வாங்குமா, நமது நாவிக் கோள்களையும் கேட்குமா என்று விசாரியுங்கள்.

இரவில் தொலைவு போவதானால் சார்ஜிங் நிலையத்தின் ஊர்ப் பெயரைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். வியாபாரத்திலும் முதல் என்று ஒன்றை ஒதுக்கித்தானே வைக்கிறோம்!